காலாவதியான புரோநோட்டு: கோர்ட்டில் நிற்காத அப்பாவின் கடனை நாங்கள் தீர்க்க வேண்டுமா?

உடுமலை வாசி

அனைவருக்கும் வணக்கம். சட்டம் என்ன சொல்கிறது என்பதை என் தம்பி ஏற்கெனவே ஒரு வழக்குரைஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டான். அதற்குப் பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது எதிர்த் தோட்டத்து அம்மா வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவரும் என் அப்பாவும் நாற்பது ஆண்டுகாலச் சிநேகிதர்கள். அப்பா 2019 ஆடியில் இறந்தார். அந்தச் சிநேகிதர் 2021இல் கொரோனாவில் போய்விட்டார். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையை எடுத்து, அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த புரோநோட்டை மேசைமேல் வைத்தார். “உங்கப்பன் எழுதிக் குடுத்தது கண்ணு, பாத்து ஒரு வழி சொல்லு” என்றார், காபியைக் குடித்தார், கிளம்பிவிட்டார்.

நோட்டின் தேதி 11-06-2012. தொகை இரண்டு லட்சம் ரூபாய், வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் கால் ஸ்டாம்பைத் தாண்டி வெளியே நீண்டு நிற்பதைப் பார்த்தால் வேறு யாரும் போட்டிருக்க முடியாது. அந்த ஆண்டு கிணறு வற்றியதால் அப்பா ஆழ்துளைக் கிணறு போட்டார். பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை.

எங்கள் தென்னந்தோப்பு தாத்தா வழியில் வந்த நிலம், மூன்றரை ஏக்கர். தம்பிதான் பார்க்கிறான், நான் ஓசூரில் சம்பளக்காரன். தோப்பில் தனக்கு இருந்த பங்கைத் தங்கை எங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதால் அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. “மூன்று வருடம் தாண்டிய நோட்டு வெறும் தாள், கோர்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்ட கடனை நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்” என்பது தம்பியின் வாதம். வெள்ளை ஈ வந்ததிலிருந்து தோப்பில் காய்ப்பு பாதியாகிவிட்டது. அவன் பேச்சில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பன் கடனை மகன் தீர்க்காவிட்டால் வீடு விளங்காது என்கிறார் அம்மா. இருவருக்கும் நடுவில் நிற்கிறேன்.

கருப்பு அங்கி

நான் தொழில்முறை வழக்குரைஞர். உங்கள் தம்பி கேட்டுவந்தது பாதிதான் என்பதால் மீதியைச் சொல்கிறேன்.

கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குப் பின் போட்டால், எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே அதைத் தள்ளுபடி செய்யக் கடமைப்பட்டது. 3ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இதுவரை தம்பி சொல்வது சரி. ஆனால் கடன் மறைந்துவிட்டது என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நிலத்தின் மீதான உரிமை காலக்கெடு கடந்தால் அழிந்தே போகும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. பணக்கடனுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அழிவது பரிகாரம் (வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி), உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1958இல் பாம்பே டையிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. 1992இல் ஒரு வங்கி, காலம் கடந்த கடனுக்குத் தன்னிடம் ஈடாக இருந்த வைப்புத்தொகையை வரவு வைத்துக்கொண்டபோது, அதில் தவறில்லை என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. கடனே இல்லையென்றால் எதில் வரவு வைப்பது?

ஆகவே “கோர்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டது” என்பது சரியான வாசகம் அல்ல. “என்னிடம் வராதே, நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்றுதான் கோர்ட் சொல்கிறது.

உங்கள் அம்மா சொன்னதும் ஒரு காலத்தில் நம்பிக்கை மட்டுமாக இருக்கவில்லை. தந்தையின் கடனை, அது ஒழுக்கக்கேடான செலவுக்கு வாங்கியதாக இல்லாதவரை, மகன் தீர்க்க வேண்டும் என்ற புனிதக் கடமைக் கோட்பாட்டை இந்துச் சட்டத்தின் பகுதியாக நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 9க்குப் பின் வாங்கிய கடன்களுக்கு அதை நீக்கிவிட்டது. இன்று வாரிசு என்ற முறையில், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு.

மானாவாரி

வழக்குரைஞர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த இழை போகிற போக்கைப் பார்த்தால், மூன்று ஆண்டு என்பது ஏமாற்றுக்காரன் தப்பிக்கச் சட்டம் விட்டுவைத்த சந்து என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அதற்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது, எங்கள் குடும்பம் அதை அனுபவித்தது.

என் தாத்தா ஒருவரிடம் முப்பதாயிரம் வாங்கி, இரண்டு வெள்ளாமையில் வட்டியோடு தீர்த்தார். நோட்டைக் கேட்டபோது, “பீரோவில் எங்கோ கிடக்கிறது, தேடித் தருகிறேன்” என்றார் கொடுத்தவர். ஒருவருக்கொருவர் தோளில் கைபோட்டுப் பழகியவர்கள், தாத்தா வற்புறுத்தவில்லை. இருவரும் இறந்தபிறகு, ஒன்பது ஆண்டு கழித்து, கொடுத்தவரின் மருமகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நோட்டின் பின்புறம் வெற்றாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. கையெழுத்து தாத்தாவுடையது என்று ஆகிவிட்டால், பணம் கைமாறியதாகவே சட்டம் அனுமானிக்கும். திருப்பிக் கொடுத்ததை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பது? எங்களைக் காப்பாற்றியது மூன்று என்ற அந்த ஒரே எண்.

உடுமலை நண்பரே, உங்கள் அப்பா இடையில் தேங்காய் விற்ற பணத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? தெரிந்த இருவரும் இப்போது இல்லை. சட்டம் கணக்கை மூடுவது இதற்காகத்தான். தம்பியைக் குற்றவாளியாக்காதீர்கள்.

வைகை

நான் கொடுத்தவர் வீட்டுப் பெண். என் அப்பா இறந்தபோது பீரோவில் பதினொரு புரோநோட்டுகள் இருந்தன. ஒன்றுகூட உயிரோடு இல்லை. வழக்குப் போடுவது பற்றி அவர் யோசிக்கவே இல்லை. “அவன் மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் முடிந்திருக்கிறது”, “அவனுக்கு இந்த வருடம் மழை இல்லை” என்றே ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். அதே தெருவில் இருந்த இன்னொருவர் முப்பத்தைந்தாம் மாதம் தவறாமல் நோட்டீஸ் அனுப்புவார், ஆறு மாதத்தில் பணத்தை வாங்கிவிடுவார். கறாராக இருந்தவருக்கு முழுத் தொகை கிடைத்தது, இரக்கப்பட்டவருக்குத் தாள் மிஞ்சியது. இதைச் சட்டத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் சட்டத்துக்குத் தேதி தெரியும், தாட்சண்யம் தெரியாது. ஆனால் அந்தத் தாட்சண்யத்தால் பலன் அடைந்தவர், அதே தாட்சண்யத்தைக் காட்டி “ஏன் அப்போதே கேட்கவில்லை” என்று திருப்பிக் கேட்பதை நான் பதினொரு வீடுகளில் இல்லாவிட்டாலும் நான்கு வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

மானாவாரி அவர்களின் தாத்தா கதை உண்மையாகவே நெருடுகிறது. எனினும் அந்தக் கதையில் கடன் தீர்ந்திருந்தது. சட்டம் அங்கே உண்மையைக் காப்பாற்றியது. இங்கே கடன் தீர்ந்ததா என்பதுதான் கேள்வி. நோட்டின் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது?

உடுமலை வாசி

நல்லவேளை கேட்டீர்கள், முதல் பதிவில் விட்டுவிட்டேன். பின்புறம் இரண்டு வரவுகள் இருக்கின்றன, இரண்டும் அப்பா தன் கைப்பட எழுதியவை.

14-03-2015: “இந்த நோட்டுக்கு ரூ.20,000 செலுத்தியுள்ளேன்.”

02-09-2018: “ரூ.10,000 செலுத்தியுள்ளேன். மீதியைத் தோப்புக் குத்தகைப் பணம் வந்ததும் தீர்த்துவிடுகிறேன்.”

அதற்குப் பின் ஒன்றும் இல்லை. அப்பாவின் சிறிய டைரியில் 2018, 2019 பக்கங்களைப் புரட்டினேன். உரம், ஆள்கூலி, மருந்துச் செலவு எல்லாம் இருக்கிறது. இந்தப் பெயரில் ஒரு பைசா இல்லை.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

முப்பது ஆண்டுகள் சிவில் கோர்ட்டில் பிராதுகளின் தேதியைப் பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்ட அனுமதியுங்கள். மூன்று ஆண்டு கடந்து 2015இலேயே நோட்டு செத்துவிட்டது என்ற உங்கள் தம்பியின் கணக்கு தவறு.

முதல் வரவு, மூன்று ஆண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுதப்பட்டது. கெடுவுக்குள் பணம் கட்டி அதைக் கைப்பட எழுதினால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். ஆகவே 14-03-2018 வரை நோட்டுக்கு உயிர் இருந்தது. இரண்டாவது வரவு அந்தத் தேதிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் கழித்து எழுதப்பட்டிருக்கிறது. செத்த கடனைப் பணம் கட்டியதால் மட்டும் எழுப்ப முடியாது. ஆனால் உங்கள் தந்தை பணம் கட்டியதோடு நிற்காமல், “மீதியைத் தீர்த்துவிடுகிறேன்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள்: காலம் கடந்த கடனைத் தருவதாக எழுத்தில், கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்தால், அது புது ஒப்பந்தமாகச் செல்லும். “இவ்வளவு பாக்கி” என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஒப்புதல். “தீர்த்துவிடுகிறேன்” என்றால் வாக்குறுதி. இந்த ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். (இரண்டாவது வரியின் கீழே கையெழுத்து தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இருந்தால், அந்த வாக்குறுதிக்கு 02-09-2021 வரை கெடு. அது கொரோனாக் காலம். 15-03-2020 முதல் 28-02-2022 வரையிலான நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எஞ்சியிருந்த ஏறக்குறைய பதினேழரை மாதத்தை 2022 மார்ச் முதல் தேதியிலிருந்து முழுதாக எண்ணினாலும் 2023 ஆகஸ்டில் முடிந்துவிடும். ஆக, இன்று வழக்கு நிற்காது என்பதில் தம்பி சொல்வது சரியே. ஆனால் அந்த அம்மாவின் கணவர் இறந்தபோதும், அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளும், அந்தத் தாளுக்கு உயிர் இருந்தது என்று வாதிட இடமுண்டு. அவருக்கு அது தெரியாது. துக்க வீட்டில் யார் பீரோவைத் திறந்து தேதி பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

வைகை

சிரஸ்தார் ஐயா சொன்னதிலிருந்து ஒன்று புரிகிறது. 2018 செப்டம்பரில் சட்டப்படி உங்கள் அப்பா விடுபட்டவர். அவருக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, தன் கையால் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் எங்களிடம் கேட்கிற கேள்விக்கு அவர் அப்போதே பதில் சொல்லிவிட்டார்.

நூலகத்து மேசை

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. 1894 ஏப்ரலில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் பதிப்பு நிறுவனம் நொடித்தது. ஒரு பகுதியைக் கொடுத்துச் சமரசமாக விலகியிருக்கலாம். முழுவதையும் தீர்ப்பதென்று முடிவு செய்து, அறுபது வயதை நெருங்கும் நேரத்தில் உலகச் சொற்பொழிவுப் பயணம் கிளம்பினார். 1896இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்ததும் அந்தப் பயணத்தில்தான். 1898இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

கருப்பு அங்கி

மேசை அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அதன் முன்பாதியையும் சொல்ல வேண்டும். நிறுவனம் நொடித்த வேளையில், ஸ்டாண்டர்டு ஆயில் அதிபர்களில் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸின் யோசனைப்படி, ட்வைன் தன் நூல்களின் காப்புரிமையை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார். கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாமல் போனது. முதலில் சட்டத்தைக் கொண்டு மூச்சுவிட இடம் பிடித்துக்கொண்டு, பிறகு நிதானமாக முழுத் தொகையையும் கொடுத்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உடுமலைத் தம்பிக்குத் தேவைப்படுவதும் அந்த மூச்சுதான் என்று தோன்றுகிறது. இன்றே எல்லாவற்றையும் கட்டு என்று யாரும் அவர் கழுத்தைப் பிடிக்க முடியாது என்பது சட்டம் அவருக்குத் தந்த அவகாசம்.

மானாவாரி

டைரியில் இல்லை, வாக்குறுதி இருக்கிறது என்றால், கடன் தீரவில்லை என்றே நானும் கொள்கிறேன். சரி, எவ்வளவு? அதைச் சொல்லாமல் எல்லோரும் நியாயம் பேசுகிறீர்கள். மாதம் 2,000 ரூபாய் வட்டி. 2012 ஜூன் முதல் 2024 ஜூன் வரை 144 மாதம், ஆக 2,88,000. கட்டிய 30,000 வட்டிக்கே போதவில்லை என்பதால் அசல் அப்படியே இருக்கிறது. மொத்தம் 4,58,000. மூன்றரை ஏக்கர் நோய் பிடித்த தோப்பிலிருந்து இதை எடுக்கச் சொல்கிறீர்களா?

1938இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது, 1-10-1932க்கு முன் வாங்கிய கடன்களில் 1-10-1937 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதையும் ரத்து செய்தார்கள். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக வைத்தார்கள். எழுதிய நோட்டைவிட அந்தச் சட்டம் நியாயமாக இருந்தது. வாக்குக்கு மட்டும்தான் அறம் உண்டு, சட்டத்துக்கு இல்லை என்று பேச வேண்டாம்.

வைகை

அது உலகப் பெருமந்தம், தானிய விலை சரிந்து கிடந்த காலம். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை லேவாதேவிக்காரர்கள். இங்கே கொடுத்தவர் சக விவசாயி, வாங்கியது நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, கந்துவட்டி அல்ல. அந்த இரண்டு லட்சத்துக்கு 2012இல் வாங்கக்கூடிய தங்கத்துக்கு இன்று இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். அசலை மட்டும் கொடுத்தால் அந்த அம்மாவுக்குப் பாதிகூடத் திரும்பாது. வட்டியைப் பேசிக் குறைக்கலாம், ஆனால் அவரோடு உட்கார்ந்து பேசிக் குறைக்க வேண்டும். நாமே இங்கே கூடித் தள்ளுபடி செய்ய நாம் யார்?

மூத்த மகள்

முதல் பதிவில் ஒரு வாக்கியத்தை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். “தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதால் அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை.” தாத்தா வழி நிலம் என்கிறீர்கள். எவ்வளவு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்? எங்கள் வீட்டில் ஒரு பட்டுப்புடவையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் காரை நிறுத்திவிட்டு, “கையெழுத்துப் போட்டுவிட்டு வா, சாப்பிடப் போகலாம்” என்றார் என் அண்ணன்.

கருப்பு அங்கி ஐயா சொன்ன 2005 திருத்தத்தால் வந்த 6ஆம் பிரிவை முழுதாகப் படித்துப் பாருங்கள். மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் பங்கு உண்டு என்று முதல் உட்பிரிவு சொல்கிறது. அப்பன் கடனுக்கு மகன் புனிதக் கடமையால் கட்டுப்பட்டவன் அல்ல என்று நான்காம் உட்பிரிவு சொல்கிறது. மகள் பங்கு பெறுகிறாள், மகன் பாரம் இறங்குகிறான்; இரண்டும் ஒரே நாளில் வந்தவை. உங்கள் தம்பி நான்காம் உட்பிரிவை இரு கையாலும் பிடித்துக்கொள்கிறார். முதல் உட்பிரிவு வந்தபோது, “பெண்பிள்ளை பிறந்த வீட்டுச் சொத்தைக் கேட்பது ஊர் வழக்கம் இல்லை” என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். நிலத்துக்கு ஊர் வழக்கம், கடனுக்குச் சட்டம். எது லாபமோ அந்தக் கதவு வழியாகப் போகிறீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். திருத்த மனமில்லை.

உடுமலை வாசி

மூத்த மகள் அவர்களே, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல. எங்கள் வீட்டில் புடவையோடு அரைப் பவுன் மோதிரம். மற்றபடி நீங்கள் எழுதியது அப்படியே நடந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு போனவன் நான்.

உங்கள் பதிவைப் படித்த மூன்றாம் நாள் தங்கையைக் கூப்பிட்டேன். கடனைப் பற்றிச் சொன்னதும், “என் பங்குக்கு எவ்வளவு வருகிறது என்று சொல் அண்ணா, தருகிறேன்” என்றாள். கொஞ்சநேரம் கழித்து, “அப்படியென்றால் தோப்பிலும் எனக்குப் பங்கு உண்டுதானே?” என்று கேட்டுச் சிரித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள் என்று தம்பி சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தனி விஷயம், அதை இங்கே பேசி முடிக்க முடியாது.

கடனைப் பொறுத்தவரை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இரண்டாவது வரியின் கீழே கையெழுத்து இருக்கிறது. தம்பி தோப்பில் வருமானம் வரட்டும் என்கிறான். அவனை நான் இனி நெருக்கப்போவதில்லை, ஓசூரில் ஏசி அறையில் உட்கார்ந்து அவன் மட்டைக் காசில் நான் நேர்மையாக இருக்க முடியாது. அசலில் பாதி, ஒரு லட்சம், என் சம்பளச் சேமிப்பிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மீதி அசலையும் வட்டியையும் பற்றி அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசப்போகிறேன். சிரஸ்தார் ஐயா, நோட்டின் பின்புறம் நான் என்ன எழுத வேண்டும்?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

பணத்தை வங்கி மூலம் கொடுங்கள்; கையில் கொடுப்பதென்றால் அந்த அம்மாவின் பிள்ளைகளில் ஒருவர் உடன் இருக்கட்டும். நோட்டின் பின்புறம் உங்கள் தந்தையின் வரிகளுக்குக் கீழே, தேதி, தொகை, “அசலில் வரவு” என்ற சொல், உங்கள் பெயர், இன்னாரின் மகன் என்பது, கையெழுத்து. அசலில் என்று குறிப்பிடாவிட்டால் அதை வட்டிக்கு வரவு வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடம் உண்டு.

அடுத்தது முக்கியம். “மீதியைத் தருகிறேன்” என்று எழுதுவதா இல்லையா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். எழுதாமல் விட்டால், நீங்கள் கொடுப்பது உங்கள் மனத்துக்குக் கட்டுப்பட்ட பணமாக மட்டும் இருக்கும், எவரும் உங்களைக் கேட்க முடியாது. எழுதினால், உங்கள் தந்தை எழுதிய அதே வரியை நீங்கள் எழுதியதாக ஆகும்; அந்தப் பிரிவு எழுதிக் கொடுத்தவரைத்தான் பிடிக்கும் என்பதால் அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு உங்கள்மேல் வழக்குப் போட அவர்களுக்கு வழி பிறக்கும். தம்பியை அது கட்டாது. எழுதுவதென்றால் எவ்வளவு தொகை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், “மீதி” என்று பொதுவாக விட வேண்டாம்.

அந்த அம்மாவிடம் தனியாக ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொகை என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் இருக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.